தரைவிரிப்புக்கு அடியில் கிடைத்த பழைய மரத்தளம்: இயந்திரம் வைத்துத் தேய்த்துவிடலாமா?

பழையவீடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அண்மையில் வாங்கிய வீடு கட்டப்பட்டு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த தரைவிரிப்பை எடுத்தபோது, அதன் அடியில் குறுகிய பலகைகளை இணைத்துச் செய்த மரத்தளம் இருப்பது தெரிந்தது. பார்த்த தச்சர் ஓக் மரம் என்கிறார். சுவரோரங்களில் தேன் நிறப் பளபளப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. வாசலிலிருந்து சமையலறை வரை பல காலம் நடந்து தேய்ந்த தடத்தில் மட்டும் பூச்சு முழுவதும் போய், மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. சன்னலடியில் பூந்தொட்டி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருங்கறை வட்டமாகப் படிந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் எவ்வளவு துடைத்தும் அது அசையவில்லை.

சில பலகைகளுக்கு நடுவே நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. இரண்டு மூன்று இடங்களில் கால் வைத்தால் கிறீச்சிடுகிறது. கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் தளம் ஏறக்குறைய நன்றாகவே இருக்கிறது. ஆனால் படுக்கையறையில் இதே மரத்தின்மேல் பழைய சதுர ஓடுகளைக் கரிய பசை கொண்டு ஒட்டியிருக்கிறார்கள்.

உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று மரத்தைத் தேய்க்கும் டிரம் சாண்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் தேய்த்துப் புதிதாக்கிவிடலாம், அந்த ஓடுகளையும் அதே வேகத்தில் பெயர்த்துவிடலாம் என்று என் மைத்துனர் உறுதியாகச் சொல்கிறார். நான் இதற்குமுன் ஒரு கதவுக்கு வார்னிஷ் அடித்ததைத் தவிர மரவேலை எதுவும் செய்ததில்லை. தேய்ப்பது கட்டாயம்தானா, கருங்கறை போகுமா, இடைவெளிகளைப் பட்டி வைத்து அடைக்கலாமா, கடைசியில் எந்தப் பூச்சு நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இழைப்புளி (பதில்):

வணக்கம். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் முதலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய மரத்தளத்தைத் தேய்ப்பது கடைசி வழி. தேய்த்தெடுத்த மரம் மீண்டும் வராது. கரடுமுரடான உப்புத்தாளில் தொடங்கி முழுமையாக ஒரு முறை தேய்த்தால் ஏறத்தாழ 0.8 மி.மீ. மரம் தூளாகப் போய்விடும்.

உங்கள் பலகைகள் நாக்கும் காடியுமாக, அதாவது ஒன்றின் ஓரத்தில் நீட்டிய நாக்கு அடுத்ததன் ஓரப் பள்ளமான காடிக்குள் நுழையும்படி, ஒன்றோடொன்று கோத்தவை என்றே நினைக்கிறேன். இவ்வகைப் பலகை புதிதாக இருக்கும்போது பொதுவாக 19 மி.மீ. தடிமன் கொண்டது. ஆனால் நாக்குக்கு மேலே உள்ள சுமார் 6 மி.மீ. மட்டுமே தேய்ப்பதற்கு உரியது. ஏற்கெனவே பல முறை தேய்த்த தளமாக இருந்து, நாக்குக்கு மேல் 2 மி.மீ.தான் மிச்சம் என்றால், இன்னொரு முறை தேய்த்தபின் காடியின் மேல் உதடு நீளவாக்கில் பிளந்து சிம்பு சிம்பாகக் கிளம்பும். உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஆணித்தலைகள் இப்போதே மேலே எட்டிப் பார்த்தால், அந்தத் தளத்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று பொருள். வாசற்படிச் சட்டத்தையோ தரையில் பதித்த காற்றுத் துளை மூடியையோ கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். அங்கே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

அடுத்ததாக, இப்போது இருக்கும் பூச்சு எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. யார் கண்ணிலும் படாத ஒரு மூலை போதும். வெள்ளைத் துணியில் டர்பன்டைனை நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், மேலே மெழுகு இருக்கிறது. மெழுகின்மேல் எந்தப் புதிய பூச்சும் பிடிக்காது. சில வாரங்களில் தோலாக உரியும். மெழுகை நீக்கிய அதே இடத்தில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது அரக்குப் பூச்சு, அதாவது ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷாகவோ பாலியுரேத்தேனாகவோ இருக்கும். தேய்ந்த தடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு கொஞ்சம் உயிரோடு இருக்கிறது, உடனே உறிஞ்சிக் கருத்தால் அங்கே வெறும் மரம்தான்.

கடைசியாக ஈரம். பலகைகளின் ஓரங்கள் உயர்ந்து நடுப்பகுதி குழிந்து தெரிகிறதா என்று விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த நிலையில் தேய்த்துச் சமன் செய்தால், மரம் பிறகு உலரும்போது ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்ய மறுபடியும் தேய்க்க வேண்டியிருக்கும். எனவே ஈரம் வரும் வழியை அடைத்து, மரம் தானாகத் தட்டையாகும் வரை, சில மாதங்களானாலும், காத்திருக்கத்தான் வேண்டும்.

இவற்றின் விடைகளை எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தாழ்வாரம் (பதில்):

டிரம் சாண்டரைப் பற்றி என் பங்குக்கு ஓர் எச்சரிக்கை. நான் முதன்முதலில் அதைப் பிடித்தபோது, சுழலும் உருளையைத் தரையில் இறக்கிய பிறகு, கம்பி வடத்தைத் தாண்டுவதற்காக ஒரே ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியில் அகலமான ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தைச் சமன் செய்யச் சுற்றிலும் தேய்த்தேன். அது ஒரு குழிந்த தட்டுபோல் ஆனது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. பூச்சு அடித்த அன்று மாலை, சாய்ந்த வெயில் சன்னல் வழியாகத் தரையில் படிந்தபோதுதான், அறை முழுவதும் குளத்து நீர்போல அலை அலையாக இருப்பதைக் கண்டேன். இன்றும் அந்த இடத்தில்தான் சோபாவைப் போட்டிருக்கிறேன்.

அந்த இயந்திரத்தை நகர்ந்துகொண்டே இறக்க வேண்டும், நகர்ந்துகொண்டே தூக்க வேண்டும், ஒருபோதும் நின்ற இடத்தில் இறக்கக்கூடாது. பழகிய கைக்கு அது எளிது. புதியவர்களுக்குத் தட்டையான அடிப்பாகம் கொண்டு அதிர்ந்து தேய்க்கும் ஆர்பிட்டல் இயந்திரமே ஏற்றது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தவறு செய்தாலும் அதில் பள்ளம் விழாது.

முகமூடி (பதில்):

எல்லோரும் கூடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் படுக்கையறையைப் பற்றித்தான் கவலை. அந்தக் காலத்துச் சதுர ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கரிய பசையிலும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருளான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடு முழுதாக, உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. அதை உடைப்பதும் பசையை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் இயந்திரத்தால் தேய்ப்பதும்தான், கண்ணுக்குத் தெரியாத நார்களைக் காற்றில் பரப்பும். ஒருமுறை வீட்டுக்குள் பரவிய அந்தத் தூசியைப் பெருக்கி எடுக்க முடியாது. ஒரு சிறு துண்டைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி விடை வரும்வரை அந்த அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். துண்டை எடுப்பதற்குக்கூட அதற்கான பயிற்சி பெற்றவரை அழைப்பது நல்லது. விடை ‘ஆம்’ என்று வந்தால் அதை அகற்றும் வேலை உங்களுடையதும் அல்ல, உங்கள் மைத்துனருடையதும் அல்ல.

கூடத்திலும் சுவரோரச் சட்டங்களில் பழைய வண்ணப்பூச்சு இருந்தால், தேய்ப்பதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மரத்தூளும் சாதாரணமானதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்ப்பது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும்.

பழையவீடு:

மூவருக்கும் நன்றி. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டோம். சோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். மைத்துனருக்கு முகமூடி அவர்களின் பதிலைப் படித்துக் காட்டினேன். அவர் அதன்பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை.

வாசற்படிச் சட்டத்தைக் கழற்றி அளந்ததில் பலகையின் தடிமன் 18 மி.மீ., நாக்குக்கு மேல் 5 மி.மீ. இருக்கிறது. தச்சரிடம் ஈரமானியை வாங்கி வைத்துப் பார்த்தேன். மேல் பலகையில் 9 விழுக்காடும், அதன் அடியில் உள்ள பலகையில் 10 விழுக்காடும் காட்டியது. ஓரங்கள் எங்கும் உயரவில்லை. டர்பன்டைன் துணி மஞ்சளாகவே வந்தது. அதன்பிறகு விட்ட ஸ்பிரிட் சொட்டைத் தொட்டபோது விரல்ரேகை அப்படியே பதிந்து, வெல்லப்பாகு போல நூலிழுத்தது. தேய்ந்த தடத்தில் விட்ட தண்ணீர் மூச்சு விடுவதற்குள் உள்ளே போய்விட்டது. அடுத்து என்ன செய்வது?

இழைப்புளி:

நல்ல செய்தி. உங்கள் தளத்தை முன்பு ஒரே ஒரு முறை தேய்த்திருக்கிறார்கள், அல்லது தேய்க்கவே இல்லை. இரண்டு பலகைகளுக்கும் இடையே ஈர வேறுபாடு ஒரு புள்ளிதான் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. பூச்சு, அரக்கின்மேல் மெழுகு.

இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை. சிறிய அறையைத் தேய்க்கவே வேண்டாம். டர்பன்டைனால் மெழுகை முழுவதும் எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் மெழுகை இடம் மாற்றிப் பூசுவதாகத்தான் முடியும். பிறகு மெல்லிய புதிய அரக்கை ஒன்றிரண்டு முறை பூசுங்கள். அரக்கின் சிறப்பே இதுதான்: புதிதாகப் பூசியது பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும், எனவே இடையே உரசிக் கரடாக்கும் வேலை இல்லை. தண்ணீர் தேங்கினால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது அதன் குறை. ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் அது பெரிய குறையல்ல. வேலை செய்யும்போது சன்னல்களைத் திறந்து, அடுப்பு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அரக்கு மாளிகை என்று நான் கேலிக்காகச் சொல்லவில்லை; ஸ்பிரிட் ஆவி ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.

கூடத்தைத் தேய்க்கத்தான் வேண்டும். தடம் முழுவதும் வெறும் மரமாகிச் சாம்பல் பூத்த பிறகு, மேலே எதைப் பூசினாலும் அழுக்கைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் இருக்கும். இங்கும் மெழுகை எடுத்துவிட்டே தொடங்குங்கள். இல்லாவிட்டால் சூட்டில் மெழுகும் அரக்கும் இளகி உப்புத்தாளை ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடும். மேலே எட்டிப் பார்க்கும் ஆணி எதுவாயினும், ஆணித்தலையை அழுத்தும் ‘பஞ்ச்’ கருவியை வைத்துத் தட்டி 3 மி.மீ. உள்ளே இறக்குங்கள். பிறகு 60-ஆம் எண் உப்புத்தாள், அடுத்து 80, கடைசியில் 100 (எண் குறையக் குறையத் தாள் கரடுமுரடாக இருக்கும்). அறுபதுக்கு மசியாத இடத்தில் மட்டும் 40-க்கு இறங்குங்கள். எண்ணைத் தாண்டி ஓடக்கூடாது. 40 போட்ட கோடுகளை 100 அழிக்காது, வண்ணமோ பூச்சோ பட்டவுடன் அவை கீறலாகத் தெரியும்.

ஒரு சின்னக் கைவேலை சொல்கிறேன். ஒவ்வொரு தாளைத் தொடங்கும் முன்பும், தரை முழுவதும் பென்சிலால் பாம்புபோல் வளைத்து வளைத்துக் கோடு கிறுக்கிவிடுங்கள். கோடு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே தாள் படவில்லை என்று பொருள். எல்லாக் கோடும் மறைந்தால் அந்த எண்ணின் வேலை முடிந்தது. எப்போது நிறுத்துவது என்பதும் இதனால் தெரிந்துவிடும், மரமும் மிச்சமாகும். இயந்திரம் எட்டாத மூலைகளில் கூர்மையான சுரண்டியை ரேகை ஓடும் திசையில் உங்கள் பக்கமாக இழுங்கள். இழைப்புளிச் சுருள்போல மெல்லிய சீவல் வர வேண்டும். தூளாக வந்தால் சுரண்டி மழுங்கிவிட்டது.

கருங்கறையைப் பற்றி: ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரும் எங்கிருந்தோ வந்த இரும்பும் அதனோடு சேர்ந்தால், பழைய காலத்து எழுதுமை எப்படி உண்டானதோ அப்படியே மரத்துக்குள் மை உண்டாகிறது. அதனால்தான் சோப்புக்கு அது அசையவில்லை. ஆக்சாலிக் அமிலத் தூளைச் சுடுநீரில் கரையும் மட்டும் கரைத்து, 80-ஆம் எண் தாள் முடிந்த வெறும் மரத்தில் பூசுங்கள். கறையின்மேல் மட்டும் பூசினால் அங்கே வெளிறிய திட்டு விழும், எனவே பலகையின் முழு நீளத்துக்கும் பூசுவதே முறை. தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை பூசலாம். காய்ந்ததும் வெண்ணிறப் படிகம் படியும். அதை உலர்வாகத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது, மூக்குக்குள் போனால் கடுமையாக எரியும். சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை துடைத்தெடுத்து, இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். அமிலம் நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். செல்லப்பிராணிகளின் சிறுநீர்க் கறையாக இருந்திருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லியிருக்க மாட்டேன், அது பெரும்பாலும் முழுதாகப் போவதில்லை.

இடைவெளிகளை அப்படியே விடுங்கள். மரம் ஈரக் காலத்தில் அகலவாக்கில் விரிந்து, வறண்ட காலத்தில் சுருங்கும். சுருங்கிய நேரத்தில் கெட்டியான பட்டியை அடைத்தால், விரியும்போது அது நசுங்கித் துண்டு துண்டாக வெளியே வரும், அல்லது பலகையையே நெம்பும். ஆண்டு முழுவதும் மூடாத அகலமான இடைவெளி ஒன்றிரண்டு இருந்தால், அதே மரத்தில் மெல்லிய சீவுப்பட்டை செய்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை தடவிச் செருகலாம்.

தாழ்வாரம்:

கிறீச்சொலிக்கு விடை யாரும் சொல்லவில்லையே. தளத்துக்கு அடியில் போய்ப் பார்க்க வழி இருந்தால், ஒருவர் மேலே நடக்க, இன்னொருவர் கீழே கேளுங்கள். தளத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மெல்லிய ஆப்பு ஒன்றைப் பசையோடு மெதுவாகச் செருகினால் போதும். ஓங்கி அடித்தால் பலகை மேலே கிளம்பி வேறிடத்தில் கத்தத் தொடங்கும்.

பூச்சைப் பொறுத்தவரை கூடத்துக்குப் பாலியுரேத்தேன்தான் என் தேர்வு. எண்ணெய் அடிப்படையிலானது மரத்துக்குத் தேன் நிறம் தரும், ஆனால் ஒரு பூச்சு காய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், வாடையும் கடுமை. நீர் அடிப்படையிலானது சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், நிறம் மாறாது. அதைப் பூசுவதாக இருந்தால் இடையே உரசுவதற்கு எஃகுக் கம்பளியைத் தொடாதீர்கள். ரேகைக்குள் தங்கும் இரும்புத் துகள் தண்ணீர் பட்டதும் துருவாகி, நீங்கள் அரும்பாடுபட்டு நீக்கிய அதே கருப்பைப் புள்ளி புள்ளியாகத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இழைப்புளி:

இங்கே நான் சற்று மாறுபடுகிறேன். பாலியுரேத்தேன் உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நடைத்தடம் தேய்ந்துபோனால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. எல்லை கோடாகத் தெரியும். மரத்துக்குள் ஊறும் மெழுகெண்ணெய் வகையில் தேய்ந்த இடத்தை மட்டும் துடைத்து மறுபடி பூசிக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை கவனிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது. பழையவீடு அவர்களே தம் பொறுமையை அளந்து முடிவு செய்யட்டும்.

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூடு சுருளுக்குள் தேங்கி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே இரவில் பற்றிக்கொள்ளும். வெளியே ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். தேய்ப்பு இயந்திரத்தின் தூசிப் பையும் இப்படித்தான்; அன்றன்று வெளியே கொட்டிவிடுங்கள்.

பழையவீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். படுக்கையறைப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சோதனையில் வந்துவிட்டது. அதற்கு உரிய ஆட்களிடம் பேசியிருக்கிறோம். சிறிய அறைக்கு இரண்டு முறை அரக்கு பூசினேன். புதிதென்று யாரும் நம்பமாட்டார்கள், பழையதென்றும் நம்பமாட்டார்கள். கூடத்தில் 80-ஆம் எண் தாள் வரை வந்துவிட்டோம். பென்சில் கோடு போடுவதை மைத்துனர் தாமே ஏற்றுக்கொண்டார். அமிலத்தை இரண்டாம் முறை பூசியதும் கறையின் கருப்பு போய்விட்டது. ஆனால் ஒரே ஒரு பலகையில் மட்டும் பழுப்பு நிழல் நிற்கிறது, நகத்தால் அழுத்தினால் மரம் சற்று மெத்தென்று இருக்கிறது. இதையும் தேய்த்துப் பார்க்கலாமா?

இழைப்புளி:

வேண்டாம். மெத்தென்று இருந்தால் அது கறையல்ல, மரம் உளுத்திருக்கிறது. பலகையை மாற்றத்தான் வேண்டும். கடையில் புதுப்பலகை தேடாதீர்கள், அகலமும் நிறமும் ஒத்துவராது. சுவரலமாரிக்குள்ளும் இதே தளம் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதியதைப் போடலாம். கெட்ட பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு வெட்டுப் போட்டு, நடுத்துண்டை முதலில் எடுத்தால் ஓரங்கள் உளிக்குத் தானாகக் கழன்று வரும். மாற்றுப் பலகையில் காடியின் கீழ் உதட்டைச் செதுக்கி நீக்கிவிடுங்கள். அதன் நாக்கைப் பக்கத்துக் காடிக்குள் செருகி, மறுபக்கத்தைப் பசை தடவி மேலிருந்து இறக்கி, எடை வைத்து ஒரு நாள் விடுங்கள். அதன்பிறகு 100-ஆம் எண் தாளைப் போடலாம்.

பழையவீடு:

அலமாரியைத் திறந்து பார்த்தேன். அதே அகலத்தில், ஒருவர் கால்கூடப் படாத நிலையில் ஆறு பலகைகள் இருக்கின்றன. உளியைத் தீட்டிக்கொண்டிருக்கிறோம்.